ஆறு நாள் இடைவெளி: லெபனானில் கடன் முறிவும் கொரோனாவும்

2020 மார்ச் 9ஆம் தேதி லெபனான் கட்ட வேண்டியிருந்த வெளிநாட்டுக் கடன் தவணை 120 கோடி டாலர். கட்டவில்லை. இரண்டு நாள் முன்பே, சனிக்கிழமை மாலை, பிரதமர் ஹஸன் தியாப் தொலைக்காட்சியில் தோன்றி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் கரைந்துவிட்டது, மிச்சமிருக்கும் டாலர் மக்களின் அத்தியாவசியத் தேவைகளுக்கு வேண்டும், அதனால் தவணை கிடையாது. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போதுகூட தவணை தவறாத நாடு அது.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. அதே அரசு கொரோனாவுக்காக ‘பொது அணிதிரட்டல்’ அறிவித்தது. நம் ஊர் மொழியில் ஊரடங்கு. கடைகள் அடைப்பு, எல்லைகள் அடைப்பு, 18ஆம் தேதி முதல் பெய்ரூட் விமான நிலையமும் அடைப்பு.

இரண்டுக்கும் நடுவே ஆறே நாள். இந்த ஆய்வு முழுக்க அந்த ஆறு நாளைப் பற்றியதுதான் என்றுகூடச் சொல்லலாம். ஊரடங்கு என்பதைச் சுகாதார நடவடிக்கை என்றே எல்லோரும் பேசுகிறோம். அதற்குள் ஒரு நிதி ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. ஜனங்களை வேலைக்குப் போகாதே என்று சொல்கிற அரசு, அவர்கள் வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுச் செலவைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. அதற்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது நோட்டு அடிக்க வேண்டும். 2020இல் பணக்கார நாடுகள் இரண்டையும் தாராளமாகச் செய்தன. லெபனானுக்கு முதல் வழி ஆறு நாள் முன்பு அடைபட்டுவிட்டது. இரண்டாவது வழி திறந்திருந்தது. அதில் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கிருமிக்கு முந்தைய நோய்

1997 முதல் லெபனான் நாணயமான லிராவின் மதிப்பை ஒரு டாலருக்கு 1,507.5 லிரா என்று கட்டி வைத்திருந்தார்கள். மத்திய வங்கி ஆளுநர் ரியாத் சலாமே 1993 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். மளிகைக் கடையில் லிரா கொடுத்தால் மீதியை டாலரில் வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவு இயல்பாக இரண்டும் புழங்கின. ஏற்றுமதி சொல்லிக்கொள்ளும்படி இல்லாத, சாப்பாட்டிலிருந்து மருந்துவரை இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் இந்த மதிப்பு நிற்க வேண்டுமானால் வெளியிலிருந்து டாலர் வந்துகொண்டே இருக்க வேண்டும். வளைகுடாவிலும் ஆப்பிரிக்காவிலும் உழைக்கும் லெபனான்காரர்கள் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஊர் வங்கியில் போட்டார்கள். வங்கிகள் அதை மத்திய வங்கியிடமும் அரசிடமும் கொடுத்தன. பழைய ஆளுக்கு வட்டி, புதிய ஆள் போட்ட பணத்திலிருந்து போயிற்று. சீட்டுக் கம்பெனி ஓடிப்போன கதையைக் கேட்ட எவருக்கும் இதன் முடிவை விளக்கத் தேவையில்லை.

2019 இலையுதிர் காலத்தில் புதிய ஆள் வருவது நின்றது. அக்டோபர் 17ஆம் தேதி, வாட்ஸ்அப் அழைப்புக்கு நாளொன்றுக்கு 20 சென்ட் வரி என்று அரசு யோசனை சொன்ன அன்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். வங்கிகள் இரண்டு வாரம் கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்றன. இதற்குச் சட்டம் எதுவும் போடப்படவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்குத் தோன்றிய வரம்பை வைத்தது. அப்போதைய பிரதமர் சாத் ஹரீரி பதவி விலகினார். நவம்பரில் மருத்துவர்களும் செவிலியர்களும் வீதிக்கு வந்து, இறக்குமதியாளர்களுக்கு டாலர் கிடைக்காததால் மருத்துவமனைகளில் உபகரணங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்று எச்சரித்தார்கள். உலகம் இந்தக் கிருமியின் பெயரையே கேட்காத நாட்கள் அவை.

நாட்டின் முதல் தொற்று உறுதியானது 2020 பிப்ரவரி 21. ஈரானின் கோம் நகரிலிருந்து விமானத்தில் திரும்பிய ஒரு பெண்.

நன்றாகவே தொடங்கிய கதை

ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். முதல் அலையை லெபனான் திறமையாகவே கையாண்டது. மே மாத இறுதிவரை இறப்பு எண்ணிக்கை முப்பதைத் தொடவில்லை. பெய்ரூட்டின் ரஃபீக் ஹரீரி பல்கலைக்கழக மருத்துவமனை, பணம் இருப்பவர்கள் அதுவரை எட்டிப்பார்க்காத அரசு மருத்துவமனை, கொரோனா சிகிச்சையின் மையமாயிற்று. மருத்துவப் படுக்கைகளில் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அரசிடமிருந்து பல ஆண்டுப் பாக்கி வராத தனியார் மருத்துவமனைகள் தொடக்கத்தில் இந்த நோயாளிகளை ஏற்கத் தயங்கின.

இந்தச் சாதனையை வாங்கிய விலை வேறு கணக்கில் ஏறியது.

முதலில் டாலர் நோட்டு. வெளிநாட்டிலிருந்து நோட்டுக்கட்டுகள் விமானத்தில்தான் வரும். விமான நிலையம் மூடியதும், நோட்டு வரவில்லை, அதனால் டாலராகத் தர முடியாது என்று வங்கிகள் சொல்லிவிட்டன. விமானத்தைக் காரணம் காட்டி மூடிய கவுண்ட்டர், ஜூலை 1இல் விமானங்கள் திரும்பிய பிறகும் திறக்கவில்லை. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. டாலர் கணக்கிலிருந்து எடுக்கலாம், ஆனால் லிராவாக, வங்கி சொல்லும் விகிதத்தில். அந்த விகிதம் பின்னர் 3,900இல் நின்றது. வெளிச்சந்தையில் அதைவிட இரண்டு மடங்கு ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் டாலர், கையில் பாதி மதிப்பு. ஜனங்கள் இதற்கு ‘லொல்லார்’, அதாவது லெபனான் டாலர், என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நான் கண்டதில்லை.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். அப்பாவின் கணக்கில் டாலர் இருக்கிறது, பிள்ளைக்கு அனுப்ப வங்கி விடாது. அங்கே பல்கலைக்கழகம் மூடிவிட்டது, பகுதிநேர வேலையும் போயிற்று, ஊருக்குத் திரும்ப ஏற்பாடு செய்த சிறப்பு விமானத்துக்கோ கட்டணம் பல மடங்கு. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர்வரை அனுப்ப வங்கிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது.

இரண்டாவது, தெரு. அக்டோபரிலிருந்து பெய்ரூட்டின் தியாகிகள் சதுக்கத்தில் கூடாரம் அடித்திருந்த போராட்டக்காரர்களை மார்ச் இறுதியில் பாதுகாப்புப் படை அப்புறப்படுத்தியது. காரணம் கொரோனா. ஐந்து மாதம் எந்த அரசியல்வாதியாலும் முடியாததைக் கிருமி ஒரே இரவில் சாதித்துக் கொடுத்தது. வங்கிகளிடமும் அவற்றின் பங்குதாரர்களான அரசியல் குடும்பங்களிடமும் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த குரல் வீட்டுக்குள் போய்விட்டது. பெருந்தொற்று அந்த நாட்டுக்குச் செய்த கெடுதல்களில் இதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சின்னதாக ஒரு நன்மையும் நடந்தது: அந்த வசந்தத்தில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததால் இறக்குமதிச் செலவு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

நான்கு தாள்

இப்போது அந்த இரண்டாவது வழிக்கு வருவோம், நோட்டு அடிக்கும் வழி.

ஏப்ரல் தொடக்கத்தில் அரசு ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் லிரா தருவதாக அறிவித்தது. லெபனானின் மிகப் பெரிய நோட்டு அப்போது ஒரு லட்சம் லிரா. ஆக, நான்கு தாள். அதிகாரபூர்வ விகிதத்தில் இதன் மதிப்பு 265 டாலர். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத ஊரடங்கைத் தாங்கிப்பிடிக்கக்கூடிய தொகைதான். ஆனால் பயனாளிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் தவறுக்குமேல் தவறு. விநியோகத்தை நிறுத்தினார்கள், பட்டியலைத் திருத்தினார்கள், பிறகு ராணுவத்தின் கையில் கொடுத்தார்கள்.

இதற்குள் ஏப்ரல் கடைசி வந்துவிட்டது. வெளிச்சந்தையில் டாலர் 4,000 லிரா. அந்த நான்கு தாள் இப்போது 100 டாலர். ஜூலைத் தொடக்கத்தில் டாலர் 8,000ஐத் தாண்டி 9,000ஐ நெருங்கியபோது அதே நான்கு தாள் 50 டாலருக்கும் கீழே. 2021 மார்ச் நடுவில் டாலர் 15,000. தாள்கள் நான்குதான், மதிப்பு 27 டாலர். பட்டியலில் பெயர் திருத்த எடுத்துக்கொண்ட ஒவ்வொரு வாரமும் தாளின் ஒரு மூலையைக் கிழித்து எறிந்ததற்குச் சமம்.

கடன் கிடைக்காத அரசு செலவுக்கு லிராவை அச்சடித்தது. அச்சடிக்க அடிக்க லிரா விழுந்தது. விழ விழ நிவாரணம் சுருங்கியது. 2020 டிசம்பரில் உணவுப் பொருள் விலை முந்தைய டிசம்பரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 400 விழுக்காடு உயர்ந்திருந்தது. ராணுவ உணவகங்களில் சிப்பாய்களின் தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டதாக ஜூன் இறுதியில் செய்தி வந்தது. நிவாரணம் விநியோகிக்கப் போன சிப்பாய்க்கே அந்த நிலை.

நாட்டின் ஏழ்மை மிகுந்த நகரமான திரிப்போலியில் ஏப்ரல் கடைசியிலேயே ஊரடங்கை மீறி ஜனங்கள் தெருவுக்கு வந்து வங்கிகளுக்குத் தீ வைத்தார்கள். கல்லறைக்குப் போவதென்றால் கொரோனாவால் என்ன, பசியால் என்ன என்பதுதான் அவர்கள் வாதம். அந்த மோதலில் ஒரு இளைஞர் உயிர் போயிற்று. 2019இல் 28 விழுக்காடாக இருந்த ஏழ்மை 2020 மே மாதத்தில் 55 விழுக்காடாகிவிட்டது என்று ஐ.நா.வின் மேற்காசியப் பொருளாதார சமூக ஆணையம் கணக்கிட்டது.

வீட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்களை இந்த வரிசையில் விட்டுவிடக் கூடாது. சம்பளத்தை டாலரில் தர முடியாத எஜமானர்கள், ஜூன் மாதத்தில் எத்தியோப்பியப் பெண்களைக் காரில் கொண்டுவந்து அவர்கள் நாட்டுத் துணைத் தூதரக வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார்கள். கையில் சம்பளம் இல்லை, பலரிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, விமானமும் கிடையாது.

கரன்டினா

ஆகஸ்ட் 4, மாலை 6 மணி தாண்டி, பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆறு ஆண்டுக்கும் மேலாகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், 6,000க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள், ஏறத்தாழ 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். இதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இங்கே தொற்றோடு சேரும் இடத்தை மட்டும் தொடுகிறேன்.

துறைமுகத்தை ஒட்டி கரன்டினா என்றொரு பகுதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வருபவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம்; ‘குவாரன்டைன்’ என்ற சொல்லே ஊர்ப்பெயராகிவிட்டது. நோயைத் தடுக்கவென்று கட்டிய அந்தப் பகுதியில்தான் சுகாதார அமைச்சகத்தின் மத்திய மருந்துக் கிடங்கும் இருந்தது. வெடிப்பில் அது சேதமடைந்தது. அருகிலிருந்த மூன்று மருத்துவமனைகள் செயலிழந்தன. புனித ஜார்ஜ் மருத்துவமனையில் செவிலியர்களே இறந்தார்கள். நோயாளிகளை வாகன நிறுத்துமிடத்தில் கிடத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் தையல் போட்டார்கள். அந்த இரவில் யாரும் முகக்கவசத்தையோ இடைவெளியையோ நினைத்திருக்க முடியாது.

வெடிப்பு நடந்த அன்று நாட்டின் மொத்தத் தொற்று 5,000 சொச்சம். செப்டம்பர் முடிவதற்குள் அது 35,000ஐத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் 10இல் தியாப் அரசு பதவி விலகியது. அடுத்த பதின்மூன்று மாதம் காபந்து அரசுதான்.

டாலரும் கிருமியும் ஒரே விமானத்தில்

டிசம்பர் 2020. இந்தக் கட்டம்தான் ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே தவறான முடிவு எடுக்கப்பட்டது என்று சொல்வது சுலபம், சரியான முடிவு எது என்று சொல்வது கஷ்டம்.

தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மருத்துவர்கள் மூடச் சொன்னார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் வருகிறது. வெளிநாட்டு லெபனான்காரர்கள் ஊருக்கு வரும் காலம். வங்கி வழியாக வரும் டாலரை எவரும் நம்பாத நாட்டில், சட்டைப் பையில் வருகிற டாலர்தான் உண்மையான டாலர். அங்கே அதை ‘ஃப்ரெஷ் டாலர்’ என்கிறார்கள். ஹோட்டல், உணவகம், டாக்ஸி, வீட்டிலிருக்கும் அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் அந்தப் பையை நம்பியிருந்தன. அரசு திறந்துவிட்டது. உணவகங்களும் இரவு விடுதிகளும் நிரம்பின. டாலரும் வந்தது, கிருமியும் வந்தது, இரண்டும் ஒரே விமானத்தில்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் தொற்று 6,000ஐத் தாண்டியது. மொத்த மக்கள்தொகையே அகதிகளையும் சேர்த்து எழுபது லட்சத்துக்குள். ஜனவரி 14 முதல் 24 மணி நேர ஊரடங்கு. பேரங்காடிகூடத் திறக்காது, வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் வாங்குகிறவருக்கு வீட்டுக்கு வரவழைப்பது என்ற பேச்சே பொருளற்றது. திரிப்போலி மறுபடி கொதித்தது. மாத இறுதியில் நகராட்சிக் கட்டடம் எரிந்தது. ஆக்ஸிஜன் இயந்திரம் தேடி வீடு வீடாக, கடை கடையாக அலைந்தார்கள். 2020 முழுவதும் கொரோனாவில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். 2021 மார்ச் முடிவில் அந்த எண்ணிக்கை 6,000ஐத் தாண்டியிருந்தது. மூன்று மாதத்தில் மூன்று மடங்குக்குமேல் கூடிய சாவு.

மூடியிருந்தால்? டாலர் வந்திருக்காது. லிரா இன்னும் வேகமாக விழுந்திருக்கலாம். இறக்குமதி மருந்து இன்னும் குறைந்திருக்கலாம். பணம் உள்ள அரசுக்கு இது ‘உயிரா, வியாபாரமா’ என்ற கேள்வி. அதற்குப் பதில் சுலபம். அங்கே வியாபாரத்திலிருந்து வரும் டாலர்தான் மறுமாத இன்சுலின். அதற்காக அரசை நான் விடுவிக்கவில்லை. ஒன்பது மாத அவகாசத்தில் வங்கி நட்டத்தை யார் தாங்குவது என்று முடிவெடுத்து சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு செய்திருந்தால், டிசம்பரில் அந்தக் கேள்வியே இவ்வளவு கொடூரமாக வந்திருக்காது. மே மாதம் தொடங்கிய பேச்சுவார்த்தை ஜூலையிலேயே நின்றுபோனதற்குக் காரணம், நட்டம் எவ்வளவு என்ற தொகையில்கூட அரசும் மத்திய வங்கியும் நாடாளுமன்றமும் ஒத்துப்போகாததுதான்.

தடுப்பூசி உலக வங்கியின் 3.4 கோடி டாலர் நிதியில் வந்தது. பிப்ரவரி 14இல் தொடங்கி பத்தாம் நாளே, வரிசையைத் தாண்டி 16 எம்.பி.க்கள் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். நிதியை நிறுத்துவோம் என்று உலக வங்கி எச்சரித்தது. வேறென்ன சொல்ல.

வெள்ளைக் கோட்டுகள் கிளம்பிய கதை

கிருமி போன பிறகும் மீளாத நட்டம் இது. மாதம் 15 லட்சம் லிரா வாங்கும் ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். 2019இல் அது 1,000 டாலர். 2021 மார்ச்சில் 100 டாலர். அதே நேரத்தில் வளைகுடாவும் ஐரோப்பாவும் கொரோனாவால் ஆள் பற்றாக்குறையில் தவித்து, பயிற்சி பெற்ற கைகளை அழைத்துக்கொண்டிருந்தன. பெருந்தொற்று தள்ளவும் செய்தது, இழுக்கவும் செய்தது. மருத்துவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் செவிலியர்களில் சுமார் 30 விழுக்காட்டினரும் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள் என்று 2021 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

இருந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை. 2021 ஆகஸ்டில் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை, டீசல் தீர்கிறது, செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் 40 பெரியவர்களும் 15 குழந்தைகளும் இறந்துவிடுவார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. அரபு உலகின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் ஒன்று அது. அந்த மாதமே புற்றுநோயாளிகள் மருந்து கேட்டு வீதியில் நின்றார்கள். மானிய விலை மருந்து கிடங்குகளில் பதுங்கிக் கிடந்ததும் எல்லை தாண்டிப் போனதும் தனிக் கதை.

எது எதனால்?

பட்ட காலிலே படும் என்று இதையெல்லாம் விதியின் கணக்கில் எழுதிவிடலாம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. லெபனான் பொருளாதாரம் 2019லேயே 7 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியிருந்தது. 2020இல் உலகப் பொருளாதாரம் மொத்தமாக 3 விழுக்காடு சுருங்கியபோது, லெபனான் 20 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. 2018இல் 5,500 கோடி டாலரை ஒட்டியிருந்த மொத்த உள்நாட்டு உற்பத்தி 2020இல் 3,300 கோடி அளவுக்கு வந்துவிட்டது. கிருமி மட்டும் காரணமென்றால் இந்த வித்தியாசம் வராது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உலகம் கண்ட மிக மோசமான பத்து நெருக்கடிகளில் ஒன்றாக, ஒருவேளை முதல் மூன்றில் ஒன்றாகவே இது இருக்கலாம் என்று உலக வங்கி 2021 ஜூனில் எழுதியது. அதற்கு முந்தைய அறிக்கையில் அது வைத்த தலைப்பு ‘வேண்டுமென்றே செய்த மந்தம்’ என்ற பொருள்படும்.

இலங்கையோடு ஒப்பிட்டால் வரிசை தலைகீழ். அங்கே 2019 டிசம்பரில் வரிகளைக் குறைத்தார்கள், பிறகு தொற்று சுற்றுலாவைப் படுக்க வைத்தது, 2022 ஏப்ரல் 12இல் கடன் தவணை நிறுத்தம். இலங்கையில் பெருந்தொற்று கடன் முறிவுக்கு இட்டுச்சென்ற படிகளில் ஒன்று. லெபனானில் முறிவு முந்திக்கொண்டது. தொற்று அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

இந்தக் கதையில் இன்னொரு உதவித்தொகையும் உண்டு. 2021 ஜனவரியில், ஊரடங்கு உச்சத்தில் இருந்தபோது, ஏழைக் குடும்பங்களுக்காக உலக வங்கி 24.6 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. டாலராக வருகிற பணத்தை லிராவாகக் கொடுப்பதா, கொடுத்தால் எந்த விகிதத்தில் என்று இழுபறி. சந்தையில் 8,000க்கு மேல் ஓடியபோது 6,240 போதும் என்று முதலில் பேசினார்கள். வித்தியாசம் மத்திய வங்கிக்கு. நாடாளுமன்ற ஒப்புதல், திருத்தம், பயனாளிப் பதிவு, சரிபார்ப்பு. கடைசியில் குடும்பங்களுக்கு டாலராகவே கொடுப்பது என்று முடிவாயிற்று: குடும்பத்துக்கு 25, தலைக்கு 20, அதிகபட்சம் ஆறு தலை. முதல் பணம் கைக்கு வந்தது 2022 மார்ச்சில்.